இரண்டடியில் ஒரு ஜன்னல்

தையல் மிஷினை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் கொத்தனாருக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. மூன்று பக்கமும் சுவர் தலைக்கு மேலே போய்விட்டது. பின்பக்கச் சுவர் மட்டும் ஒன்றரை அடியில் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவள் செங்கற்களைப் படுக்கவைத்து அவற்றின்மேல் மிஷினை நிறுத்தச் சொன்னாள். முக்காலிக்கும் அதேபோல்.

"இது எதுக்குக்கா?"

"தரை போட்டா மூணு அங்குலம் ஏறும்னு நீங்கதானே சொன்னீங்க? இப்பவே ஏத்திப் பாத்துடுறேன்."

உட்கார்ந்தாள். மிதியில் கால் வைத்து, துணி தைக்கிறவள் மாதிரிக் குனிந்தாள். பிறகு தலையை மட்டும் நிமிர்த்தினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீட்டு முற்றம் உள்ளங்கை மாதிரி விரிந்து கிடந்தது. துவைக்கிற கல், கொடிக்கயிறு, அண்ணன் உட்கார்ந்து சாப்பிடும் நாற்காலி, எதிரே ஓரத்து அறையின் ஜன்னல். ஒரு பல்லிகூட அவளுக்குத் தெரியாமல் அதைக் கடக்க முடியாது.

"ஜன்னல் அடிமட்டம் ரெண்டடி."

"வழக்கமா மூணடி வைப்போம். அதுவும் இது மாடி. யாராவது எட்டிப் பாத்தா..."

"இங்க எட்டிப் பாக்கப்போறது நான் ஒருத்திதான்."

"சரி, ஜன்னல் கதவையாவது மேல் பாதி, கீழ் பாதின்னு பிரிச்சுப் போட்டுக்கங்க. கீழதைச் சாத்திட்டா பாதுகாப்பா இருக்கும்."

"ஒரே கதவு. திறந்தா முழுசாத் திறக்கணும்."

கொத்தனார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். வீடு கட்டுகிறவர்களின் பைத்தியங்களை அவர் நிறையப் பார்த்தவர். "உங்க வீடு, உங்க கண்ணு" என்று கலவை கலக்கப் போனார்.

அந்த ஓரத்து அறையில்தான் அவள் எட்டு வருடம் இருந்தாள். புருஷன் போன பிறகு ஒரு பெட்டியோடும் இந்த மிஷினோடும் வந்தவளுக்கு அண்ணன் கொடுத்த இடம். முற்றத்தைப் பார்த்த ஜன்னலடியில் மிஷினைப் போட்டாள். இரண்டாம் வருடம் அண்ணி, "சாப்பிடறப்போ ஒரு ஜோடிக் கண்ணு தட்டையே பாக்குது, சோறு எறங்க மாட்டேங்குது" என்று சொன்னாள். மறுநாள் காலை அண்ணன் நான்கு பலகைகளோடு வந்தார். முற்றத்தில் நின்றபடி ஆணியடித்தார். அவள் உள்ளே ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஆணியின் முனையும் பலகையைத் துளைத்து அறைக்குள் எட்டிப் பார்த்தது. ஏழு முனைகள்.

"வெளிச்சம் இல்லாம எப்படிண்ணே தைக்கிறது?" என்று கேட்டாள்.

பலகைக்கு அப்பாலிருந்து அண்ணன் குரல் வந்தது. "விளக்கைப் போட்டுக்க."

அவ்வளவுதான். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. மூன்றாவது ஆணியின் முனையில் இஞ்சு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டாள். அந்த மங்கலில் இரண்டு கண்ணாடி மாற்றியாகிவிட்டது. மதிலை ஒட்டிய இந்தத் துண்டு நிலம் விலைக்கு வந்தபோது, வாடிக்கைக்காரிகள் எல்லாரும் வேண்டாம் என்றார்கள், காற்று வராது என்றார்கள். காற்று யாருக்கு வேண்டும்? அண்ணி இதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்ததுதான் ஒரு குறை. அண்ணன் இருக்கிறார். அது போதும். இனி அவர் வாயில் வைக்கும் ஒவ்வொரு கவளத்துக்கும் மேலே ஒரு ஜோடிக் கண் இருக்கும்.

பதினொரு மணிக்கு அண்ணனே வந்தார். கைப்பிடி இல்லாத படியில், சுவரைத் தடவித் தடவி ஏறி வந்தார். அவள் முக்காலியை விட்டு எழவில்லை.

"ஜன்னல் எத்தனை அடி வைக்கிற பாப்பா?"

"ரெண்டு."

"நாலடி வையேன்."

அவள் மிதியில் காலை வைத்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். கீழே கொத்தனாரின் மண்வெட்டி மணலை வாரும் சத்தம் கேட்டது.

"பையன் பெரிய ரூமை எடுத்துக்கிட்டான். நான் இப்ப ஓரத்து ரூம்லதான் இருக்கேன், உன் ரூம்ல. பட்டப்பகல்லயே பேப்பர் எழுத்துத் தெரியல. பலகையப் பிரிச்சிடலாம்னு பாத்தேன். ஆனா பிரிச்சா, நீ உக்காந்திருக்கற எடத்துலேருந்து என் கட்டில் அப்படியே தெரியும். வயசான காலத்துல வேட்டி எங்க கெடக்கும்னு சொல்ல முடியுமா? நாலடி வச்சேன்னா பிரிச்சுக்குவேன்."

இப்படி ஒன்று கையில் வந்து விழும் என்று அவள் கணக்குப் போடவில்லை. சுவரை இரண்டடியில் நிறுத்தினால் போதும், அவர் அடித்த ஆணிக்குள்ளேயே அவர் கிடப்பார். அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"விளக்கைப் போட்டுக்கண்ணே."

"அதைத்தான் போட்டுக்கிட்டுக் கெடக்கேன்" என்றார் அண்ணன். "பல்பு சூடுதான் தாங்கல."

அவள் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். ஒரு சுளிப்பும் இல்லை. அவருக்கு ஞாபகமே இல்லை. இத்தனை வருடம் முனை மழுங்காமல் வைத்திருந்த சொல், பஞ்சுப் பொதியில் விழுந்த ஊசி மாதிரிச் சத்தமில்லாமல் காணாமல் போயிற்று. அண்ணன், "வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கொத்தனார் இரண்டு வரிசை வைத்து முடித்தார். மட்டப்பலகையை வைத்துப் பார்த்தார். "ரெண்டடி சரியா நிக்குதுக்கா. பெரியவர் சொன்னது காதுல விழுந்துச்சு. நிறுத்தவா, இன்னும் ஏத்தவா?"

அப்போது கீழே சத்தம் கேட்டது. டொக். சற்று இடைவெளி. டொக். முற்றத்தில் யாரும் இல்லை. அறைக்கு உள்ளேயிருந்து ஏதோ கனமான ஒன்றால் ஆணி முனையை வெளியே தட்டுகிறார்கள். எந்த இடத்தில் தட்டுகிறார்கள் என்று அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. டேப் தொங்கிய ஆணி. நாலடி என்று அவள் சொல்லவேயில்லை, அவர் அதற்குக் காத்திருக்கவும் இல்லை.

"அக்கா, கலவை இறுகுது. சீக்கிரம் சொல்லுங்க."

பலகையின் ஒரு முனை விட்டுக்கொண்டு கீழே சரிந்து, மிச்சமிருந்த ஒற்றை ஆணியில் ஊசலாடியது. அது இருந்த இடத்தில் ஒரு சாண் இருட்டு. அதற்குள் வெள்ளையாக எதுவோ அசைந்தது. கையா, வேட்டியா, தலைமயிரா?

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையில் நிதானமாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்தாள். பின்னால் கொத்தனார் அடுத்த செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.