முதலில் கவனிக்க வேண்டியது

பதினோரு வருஷமாக வாந்திச் சட்டி ஏந்தியவளுக்கு வாந்தியைப் பற்றிப் பாடம் எடுக்க ஒருத்தன் வந்தான் பாருங்கள், அன்றைக்குத்தான் அவளுக்கு நிஜமாகவே குமட்டியது.

அவள் பெரிய மருத்துவமனையில் வார்டு உதவியாளர். விரிப்பு மாற்றுவது, மூத்திரப் பையைக் காலி செய்வது, அசைய முடியாதவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள் வேலை. தலைமை செவிலியர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் ‘அக்கா’. அக்கா இல்லாவிட்டால் வார்டு நாறிப் போகும் என்று வாய் நிறையச் சொல்வார்கள். ஆனால் ஊசி மருந்துப் பக்கம் அவள் கை போனால் மட்டும் “அது உன் வேலை இல்ல” என்பார்கள். செவிலியர் கல்லூரியில் மருத்துவமனை ஊழியர்களுக்கென்று சில இடங்கள் உண்டு. நுழைவுத் தேர்வில் நூற்றுக்கு எழுபத்தொன்று வாங்கினால் இடம் நிச்சயம். வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. அவளுக்கு முப்பத்தைந்து முடிய ஐந்தே மாதம் இருந்தது. இந்தத் தடவை விட்டால் ஓய்வு பெறும் வரை சட்டிதான்.

அதற்காகத்தான் டயர் கடைக்கு மாடியில் இருந்த பயிற்சி மையத்தில் போய்ச் சேர்ந்தாள். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் அறுபது பிள்ளைகளின் வியர்வை நாற்றம். இதெல்லாம் அவளுக்கு ஒரு நாற்றமே இல்லை. அங்கே பாடம் நடத்தினவரைத்தான் சகிக்க முடியவில்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் குறுக்குவழி மாஸ்டர். அதைக் கேட்டு அவரும் பெருமையாகச் சிரிப்பார்.

“நல்லாக் கேட்டுக்கங்க. பேப்பரோட அமைப்பு தெரிஞ்சவன் பாஸ் பண்ணிடுவான். பாடம் மட்டும் தெரிஞ்சவன் அடுத்த வருஷமும் என்கிட்டதான் வருவான்” என்று முதல் நாளே சொன்னார். அறையே கைதட்டியது. தட்ட என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

அமைப்பு இதுதான். நூறு கேள்வி, நூறு நிமிடம். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை, ஆனால் விடைத்தாளில் வட்டம் ஐந்து. சரியான வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் நிரப்பினால் ஒரு மதிப்பெண். தப்பு வட்டம் என்றால் கால் மதிப்பெண் போச்சு. சரி, தெரியாததை விட்டுவிடலாம் என்றால் அதுவும் கூடாதாம். வெறுமனே விட்டாலும் கால் போகும். தெரியாது என்றால் ஐந்தாவது வட்டத்தை நிரப்பி, எனக்குத் தெரியாது என்று எழுத்துமூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் எந்த வட்டத்தை எத்தனை தடவை நிரப்பினோம் என்று எண்ணிக் கட்டத்தில் எழுத வேண்டும். எண்ணிக்கை இடித்தால் அதற்கும் வெட்டு. நோயாளிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க வருகிறவளுக்கு இத்தனை பொறியா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாஸ்டரின் வித்தைகள் இன்னும் கேவலம். “‘எப்போதும்’, ‘ஒருபோதும்’னு வர்ற விடையைத் தூக்கிக் கடாசுங்க. நாலுல நீளமா எது இருக்கோ அதுக்கு ஒரு கண்ணு வைங்க. கேள்வியையே படிக்காம பத்து மார்க் வாங்கலாம்.” அப்படி வாங்கி வருகிறவள்தான் நாளைக்கு ஊசியோடு வந்து நிற்பாள் என்று நினைத்தபோது அக்காவுக்குத் தன் நரம்பே கூசியது.

மூன்றாவது வாரம் போன வருஷத்துத் தாளை எடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: ‘மயக்கநிலையில் உள்ள நோயாளி வாந்தி எடுக்கிறார். செவிலியர் முதலில் கவனிக்க வேண்டியது எது?’ அ, விரிப்பின் தூய்மை. ஆ, வாந்தியின் நிறமும் அளவும். இ, நோயாளியின் தலை இருக்கும் நிலை. ஈ, உறவினரின் பதற்றம்.

“இ” என்று அவள் கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டாள்.

“தப்பு. ஆ.”

“என்ன சார் சொல்றீங்க? தலையைப் பக்கவாட்டுல திருப்பலேன்னா வாந்தி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஆள் போயிடுவான்.”

“அக்கா, ‘கவனிக்க’ன்னு போட்டிருக்கான். கவனிக்கிறதுன்னா பார்த்துக் குறிச்சுக்கிறது. நிறம், அளவு. அவங்க கொடுத்த விடையும் அதுதான்.”

“வார்டுல ‘ஒன்பதாம் படுக்கையைக் கவனி’ன்னா பார்த்துட்டே நிக்கிறதா அர்த்தம்? ஓடிப்போய் ஆக வேண்டியதைச் செய்யறதுதான் கவனிக்கிறது!”

“சான்றிதழ் வாங்கப் போற ஆபீஸ்ல ‘கொஞ்சம் கவனிங்க’ன்னா அதுக்கு வேற அர்த்தம்” என்றார் மாஸ்டர். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: “உங்க கஷ்டமே உங்களுக்கு விஷயம் தெரியறதுதான்க்கா. அதை வாசல்ல கழட்டி வெச்சுட்டு வாங்க. இந்தக் கேள்வி மறுபடியும் வரும். வந்தா ஆ போடுங்க. ஒரு மார்க். சீட்டு வாங்கிக்கிட்டு உள்ள போய் எப்படி வேணும்னாலும் கவனிங்க.”

த்தூ என்று வந்தது. விழுங்கிக்கொண்டு நோட்டில் ‘ஆ’ என்று எழுதினாள்.

தேர்வுக்கு ஆறு நாள் முன்பு, காலை மருந்து வேளையில், ஒன்பதாம் படுக்கைப் பெரியவர் மயக்கத்திலேயே வாந்தி எடுத்தார். பக்கத்தில் நின்றது பயிற்சிக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண். போன வருஷம் இதே தேர்வை எழுதி உள்ளே வந்தவள். அவள் குறிப்பு அட்டையை எடுத்து, மணி பார்த்து, ‘மஞ்சள்’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். பெரியவர் மல்லாந்தபடி திணறிக்கொண்டிருந்தார். அக்கா வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரைப் பக்கவாட்டில் புரட்டி, வாயில் இருந்ததை விரலால் வழித்து எடுத்தாள். நீலம் பாரித்திருந்த உதடு மெல்லச் சிவந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே, “குறிச்சுட்டுத் திருப்பலாம்னு இருந்தேன்க்கா” என்றாள்.

தேர்வு நாளன்று கேள்வி வந்தேவிட்டது. வினா எண் அறுபத்து மூன்று, ஒரு எழுத்து மாறாமல். பேனாவை ‘ஆ’ மேல் வைத்தாள். போட்டுத் தொலை, ஒரு மார்க் என்றது மனசு. ஒன்பதாம் படுக்கையின் உதடு நினைவுக்கு வந்தது. போடி நீயும் உன் மார்க்கும் என்று தன்னையே வைதுகொண்டு ‘இ’யை அழுத்தி நிரப்பினாள். கறுப்புப் பேனா, அழிக்க வழியில்லை.

பத்து நாள் கழித்து விடைகளை வெளியிட்டார்கள். அறுபத்து மூன்றுக்கு விடை ஆ. வீட்டில் உட்கார்ந்து புருஷனோடு சேர்ந்து கூட்டிப் பார்த்தாள். சரி எழுபத்து மூன்று, தப்பு பதினொன்று, தெரியாது பதினாறு. கழித்தால் எழுபதே கால்.

“முக்கால் மார்க்லயா போச்சு?” என்றான் அவன். லாரி பட்டறையில் வேலை, கணக்கில் கெட்டி. “அந்த ஒண்ணை அவங்க சொன்ன மாதிரி போட்டிருந்தா எழுபத்தொண்ணரை. தெரிஞ்சே ஏண்டி இப்படிப் பண்ணினே?”

“தெரிஞ்சதாலதான் பண்ணினேன்.”

“நல்லாப் பண்ணினே, போ. வீம்பு பிடிச்சவளே” என்றவன், கூட்டிய தாளை மடித்துக்கொண்டே, “ஆட்சேபம் எழுத மூணு நாள் இருக்காமே? எழுது. நான் கொண்டுபோய்ப் போட்டுட்டு வரேன்” என்றான்.

தலைமை செவிலியரின் பாடப் புத்தகத்தை வாங்கி, பக்கத்தைப் படியெடுத்து இணைத்தாள். ‘முதலில் தலையை ஒருபுறம் திருப்பி மூச்சுப் பாதையைக் காக்கவும்’ என்று தெளிவாக அச்சாகியிருந்தது. கீழே தன் கையால் எழுதினாள்: ‘ஐயா, உங்கள் விடையை நம்பிப் படித்த பெண் எங்கள் வார்டில் எழுதிக்கொண்டு நின்றாள். ஒரு உயிர் போகப் பார்த்தது. மதிப்பெண் ஒரு பக்கம் இருக்கட்டும், விடையைத் திருத்துங்கள்.’ மதிப்பெண் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று எழுதியது அப்பட்டமான பொய். இரண்டும் வேண்டும் என்றுதான் அவள் தவித்தாள்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. எழுபத்தொன்றரை. இடம் கிடைத்துவிட்டது. வார்டே கூடிக் கத்தியது. தலைமை செவிலியர் கட்டிப்பிடித்துக்கொண்டார். புருஷன் பட்டறை உடுப்போடு, கையெல்லாம் கிரீஸோடு ஓடி வந்தான்.

சேர்க்கைக்குக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனபோது எழுத்தர் ஒரு தாளை நீட்டினார். உறுதிமொழிப் படிவம். அவள் பழக்கத்தில் முழுசாகப் படித்தாள். ‘வினா எண் 63-இல் உள்ள சொல் இருபொருள் தருவதால், அவ்வினாவுக்குச் சரியான விடை இல்லை என முடிவு செய்யப்பட்டு, அனைவருக்கும் ஒரு மதிப்பெண் வழங்கப்பட்டுள்ளது. இம்முடிவை முழுமையாக ஏற்கிறேன். இது குறித்து இனி எங்கும் ஆட்சேபம் எழுப்பமாட்டேன்.’

அனைவருக்கும். ஆ போட்டவளுக்கும், ‘உறவினரின் பதற்றம்’ என்று போட்டவளுக்கும், தெரியாது என்று ஐந்தாவது வட்டத்தை நிரப்பியவளுக்கும்.

“சார், விடை இல்லைன்னு எப்படிச் சொல்றாங்க? புத்தகத்துல இருக்கே. நான் அனுப்பினேனே.”

“உங்களுக்கு மார்க் வந்துச்சுல்ல?” எழுத்தர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “அப்புறம் என்னம்மா? கையெழுத்துப் போட்டாத்தான் சேர்க்கை. இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்.”

“அப்போ மயக்கத்துல இருக்கிறவங்க வாந்தி எடுத்தா என்னதான் சார் செய்யணும்?”

“அதெல்லாம் உள்ள சொல்லிக் கொடுப்பாங்கம்மா. சீக்கிரம் போடுங்க, பின்னால வரிசை நிக்குது.”

அவள் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். பாதிப் பேர் டயர் கடை மாடியில் அவளோடு உட்கார்ந்தவர்கள். அவளைப் பார்த்துக் கையசைத்துச் சிரித்தார்கள். எல்லோர் கையிலும் முன்கூட்டியே வாங்கிய அதே படிவம், எல்லாவற்றிலும் கையெழுத்து விழுந்திருந்தது. ஒருத்திகூட அதைப் படித்த மாதிரி தெரியவில்லை.

பதினோரு வருஷத்தில் எத்தனையோ அசிங்கத்தை அவள் முகம் சுளிக்காமல் அள்ளியிருக்கிறாள். அந்தப் பேனாவைக் கையில் எடுத்தபோது மட்டும் வாய் நிறைய எச்சில் ஊறியது. துப்புவதற்கு அங்கே இடம் இல்லை. குனிந்து, கோட்டுக்கு மேலே, தெளிவாகத் தன் பெயரை எழுதினாள்.