நெடி இருந்தால்தான் சுத்தமாம்

எங்கள் டிரை கிளீனிங் கடைக்குத் தண்ணீரில் துவைக்கும் மிஷின் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்கு முகமே சரியில்லை. எனக்கோ பெரிய நிம்மதி. டிரை கிளீனிங் மருந்தை மூச்சில் இழுத்து இழுத்து அவர் ஈரல் பாதி கெட்டிருந்தது. இனி அந்த நெடியே ஆகாது, மீறினால் ஆள் மிஞ்சமாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பழைய மிஷினை நான்தான் சண்டை போட்டு விற்றேன்.

புது மிஷின் கோட்டுகளைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல மெதுவாகத்தான் புரட்டும். சுருங்காது, சாயம் போகாது. ஆனால் வாடிக்கைக்காரர்களின் மூக்கை என்ன செய்வது? வாங்கியதும் முகர்ந்து பார்ப்பார்கள். ஒருநாள் வக்கீல் தன் கறுப்புக் கோட்டை மேஜைமேல் வீசினார்.

"மருந்து வாசனையே இல்லையே! தண்ணியில முக்கி எடுக்க எங்க வீட்டுல ஆள் இல்லையா?"

"தண்ணியில அழுக்கு போகாதா சார்? நீங்க எதுல குளிக்கிறீங்க?" என்றேன்.

வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார். "இவ கிடக்கா சார். நான் பார்த்துத் தரேன்."

அதன்பிறகு துணிகளைக் கவரில் போட்டு ஒட்டும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். புகார்களும் நின்றன. ஜனங்களுக்குப் பழகிவிட்டது என்று நானும், மக்கு, சந்தோஷப்பட்டேன்.

ஒரு மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. பின் அறைக் கதவு சாத்தியிருந்தது. இடுக்கில் துண்டை அடைத்து வைத்திருந்தார், நெடி எனக்கு வந்துவிடக் கூடாதாம். தள்ளித் திறந்தேன். பழைய மருந்து கேன் கவிழ்ந்து கிடந்தது. அவர் பக்கத்திலேயே சரிந்து கிடந்தார், கையில் பஞ்சு. துவைத்த கோட்டுகளின் காலரில் எல்லாம் சென்ட் பூசுவதுபோல மருந்தைத் தொட்டு வைத்திருக்கிறார்.

"அடப்பாவி மனுஷா!" என்று கத்தினேன். அவர் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் திறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கடை திறந்த அன்றே வக்கீல் வந்தார். வீட்டுக்காரர் ஒட்டி வைத்திருந்த கவரைக் கிழித்துக் காலரை முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதாம்மா! இப்பதான் சுத்தமா இருக்கு."

வெடுக்கென்று பிடுங்கி நானும் முகர்ந்தேன். இத்தனை வருஷம் என் பக்கத்தில் படுத்திருந்த மனிதரின் வாசனை அது.

"நாளைக்கு வாங்க சார்."

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"இன்னும் சுத்தமாகல."

கோட்டை மிஷினுக்குள் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.