தெர்மோகோல் மலை

1

இந்தக் கதை ஒரு ஃபிரிட்ஜுடன் வீட்டுக்கு வந்தது. ஃபிரிட்ஜைச் சுற்றியிருந்த தெர்மோகோலுடன் வந்தது என்றால் இன்னும் சரி. முதலில் வேறு மாதிரிதான் ஆரம்பித்தேன்:

மூன்றாவது லாரி மலை வளைவில் திரும்பியபோது வானம் ஒரு—

வேண்டாம். அந்த வானத்தை நான் பார்த்ததில்லை. பார்த்தவன் என் மனைவியின் தம்பி. ராணுவத்தில் சரக்கு லாரி ஓட்டியவன். இந்தக் கதையில் எனக்கென்று சொந்தமாக இருப்பது வயிற்றெரிச்சல் ஒன்றுதான். அதிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

2

நான் எழுதுகிறவன். போரைப் பற்றி இரண்டு நாவல்கள் எழுதியிருக்கிறேன். (துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. விமர்சகர்கள் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. மைத்துனன் மட்டும் முதல் நாவலை முடித்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இதுல யாருக்கும் ஒண்ணுக்கே வர மாட்டேங்குதே?")

அவன் ராணுவத்தை விட்டு வந்த நாளிலிருந்து மூன்றாவது நாவலுக்காக அவனைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் சாப்பிட வருவான். நானும் பக்குவமாக ஆரம்பிப்பேன். அவன் வண்டி வரிசை மலைப்பாதையில் தாக்கப்பட்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

"ஒண்ணும் இல்ல மாமா. வண்டி ஓட்டினேன்."

வருடக்கணக்காக இதே பதில். நானும் விடவில்லை. எழுத்தாளனுக்கு வெட்கம் கிடையாது.

3

ஃபிரிட்ஜ் வந்த ஞாயிறு. என் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். எதையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பது அவள் வழக்கம். தெர்மோகோல் துண்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தட்டைக் கழுவிக்கொண்டிருந்த தம்பியிடம் சாதாரணமாகக் கேட்டாள்:

"அந்த ரோடு எப்படிடா வளையும்?"

அவன் ஈரக்கையோடு வந்து, தெர்மோகோலில் விரலால் ஒரு கோடு போட்டான்.

"இப்படி. இந்தப் பக்கம் மலை. அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. பள்ளம்."

ஐந்து சொல், பத்து சொல் இருக்கும். நான் சாப்பாட்டு மேசையில் கை காயக் காய உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கிடைக்காத அந்தப் பத்துச் சொல்லும் ஃபிரிட்ஜ் பெட்டிக்குக் கிடைத்துவிட்டது.

அவள் அடுத்த நாளே கத்தியைச் சூடு பண்ணித் தெர்மோகோலில் அந்த மலையை வெட்ட ஆரம்பித்தாள்.

4

இந்த இடத்தில் மனைவி என்கிற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. பொறுமையாக உட்கார்ந்து தம்பிக்காகப் போர்க்களம் கட்டும் அக்கா. இவ்வளவு நல்லவள் யாரை நம்பவைப்பாள்? ஆகவே உள்ளது உள்ளபடி: அவள் கோபக்காரி. செய்துகொண்டிருக்கும்போது பேசினால் எரிந்து விழுவாள். விருந்தாளிக்கான அறையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டாள். அங்கே என் புத்தகங்கள் இருந்தன. இப்போது அவை கட்டிலுக்கு அடியில்.

வேலை மட்டும்—

(சொல்ல மனம் வரவில்லை. சொல்கிறேன்.)

வேலை மட்டும் பிரமாதம். கை துடைக்கும் டிஷ்யூ தாளைக் கசக்கி நீர்த்த பசையில் முக்கி லாரிக்குத் தார்ப்பாய் போட்டாள். அலுமினியத் தாளை உருண்டையாக்கித் தெர்மோகோல் மேல் உருட்டினாள், பாறை வந்தது. பிழிந்த தேயிலையைக் காயவைத்துத் தூவினாள், மண் வந்தது. பல்குத்தும் குச்சியில் வேலி, தையல் நூலில் தந்திக் கம்பி. தலையணைப் பஞ்சைக் கரியில் புரட்டி உள்ளே சின்ன பல்பு வைத்தாள், தீயும் புகையும் வந்தன. முதல் முறை ஸ்விட்சைப் போட்டபோது என் கை தானாகத் தண்ணீர்ச் செம்பைத் தேடியது.

மைத்துனன் ஞாயிறுதோறும் அந்த அறைக்குள் போனான். "இந்த மரம் இங்க இல்லக்கா." "வண்டிக்கு நடுவுல இவ்வளவு இடம் விட மாட்டாங்க." நான் கதவருகே, செய்தித்தாளைப் பிரித்தபடி. அவன் சொல்வதில் பாதி கேட்கும். மீதியை அந்தச் சூட்டுக்கத்தியின் சீறல் தின்றுவிடும்.

5

என் பதிப்பாளர் வந்தார். மூன்றாவது நாவலின் முதல் இருபது பக்கங்களைப் பற்றிப் பேச வந்தவர், கழிப்பறை என்று நினைத்து அந்த அறைக் கதவைத் திறந்தார். திரும்பி வரவேயில்லை. போய்ப் பார்த்தால் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார், கன்னம் தரையில்.

"சார், இந்த ரெண்டாவது லாரி டிரைவர் சிரிக்கிறான் பாருங்க!"

பார்த்தேன். நெல்மணி அளவு தலை. சிரிக்கத்தான் செய்தான்.

"உங்க நாவலுக்கு இதையே அட்டைப்படமா போட்டுடலாம்" என்றார். இருபது பக்கங்களைப் பற்றி அவர் சொன்னது வாசலில், செருப்பை மாட்டும்போது: "நல்லாத்தான் இருக்கு."*

* எழுதுகிறவர்களுக்குத் தெரியும், அந்த 'தான்' எவ்வளவு கனம் என்று.

6

ஒரு சனிக்கிழமை அவளே கேட்டாள். கடையில் கூட்டம், அரை நாளில் திரும்ப முடியாது. "மலையில பாக்கி இருக்கற இடத்துக்கு அடிப்பூச்சு அடிச்சு வைக்கிறீங்களா? டப்பாவுல பழுப்பு கலந்து வெச்சிருக்கேன்."

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது யாரும் நம்பப் போவதில்லை. என்னையும் சேர்த்துக்கொண்டாளே என்று இருந்தது. பிரஷால் அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும் என்று கடைக்குப் போய் ஸ்பிரே டப்பா வாங்கி வந்தேன். நன்றாகக் குலுக்கி அடித்தேன்.

மலை கரைந்தது. பெயிண்ட் பட்ட இடமெல்லாம் பொரிந்து, சுருங்கி, உள்ளே குழிந்தது. கண் முன்னே ஓட்டை ஓட்டையாக விழுந்தது. பதறிப்போய்த் துடைத்தேன், துடைத்த இடம் கையோடு வந்துவிட்டது.

சாயங்காலம் அவள் வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள். அறைக்குள் போனாள். வெளியே வந்தாள்.

"தெர்மோகோல்ல ஸ்பிரே அடிச்சா உருகிடும்னு உங்ககிட்டதானே சொன்னேன்?"

சொல்லியிருப்பாள். அவள் அந்த மலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் காது அடைத்துக்கொள்ளும். சத்தியமாக எனக்குத் தெரியாது.

7

மறுநாள் மைத்துனன் வந்தான். நானும் மனைவியும் முந்தின நாளிலிருந்தே பேசிக்கொள்ளவில்லை. அவன் மலையைப் பார்த்தபடி நின்றான்.

"யாரு பண்ணது?"

"நான்தான்பா. தெரியாம..."

அவன் குனிந்தான். ஒரு குழிக்குள் மெல்ல விரலை விட்டான்.

"இப்படித்தான் இருந்துச்சு," என்றான். "கடைசில இப்படித்தான் ஆச்சு, அக்கா."

பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான். பேச ஆரம்பித்தான். எங்கே முதல் குண்டு விழுந்தது, இரண்டாவது லாரி எப்படிப் பற்றியது. அதை ஓட்டியவனைக் 'குட்டை' என்று கூப்பிடுவார்களாம். ஆறடிக்கு மேல் உயரமாம். குட்டை உள்ளே மாட்டிக்கொண்டு இவன் பெயரைச் சொல்லிக் கத்தினான். மூன்றாவது லாரியில் இருந்த இவன் அப்போது

[                    ]

அதையும் சொன்னான். அடுக்களையில் சோறு ஆறிப்போனது. கையில் பெயிண்ட் கறையோடு நான் கதவோரம் நின்றேன். அவன் முழுவதையும் அக்காவைப் பார்த்தே சொன்னான். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

8

அவன் போனதும் மனைவி சொன்னாள்: "இதை எழுதக் கூடாது."

"யாரு எழுதறாங்க?"

"உங்க வாயைப் பார்த்தேன். அவன் அழறான், நீங்க வாய்க்குள்ள வாக்கியம் கட்டிட்டு இருக்கீங்க."

பிறகு, அடுக்களை விளக்கை அணைத்துக்கொண்டே: "வேணும்னேதானே கெடுத்தீங்க?"

இந்த இடத்தில் கதையை முடிக்கப் பார்த்தேன். முதல் முடிவில் நான் நடந்ததைச் சொல்கிறேன், அவள் நம்புகிறாள், இருவரும் சேர்ந்து மலையைச் சரிசெய்கிறோம். (சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.) இரண்டாவது முடிவில் பொறாமையில் தெரிந்தே செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அது நல்ல காட்சி. உங்களுக்குப் பிடித்திருக்கும். பொய் என்பது மட்டும்தான் குறை.

நடந்தது இதுதான். "இல்ல" என்றேன். "சரி" என்றாள். நம்பவில்லை. குழிகளை அடைக்காமல் உள்ளே கறுப்பு பூசிவிட்டாள். மலை முன்பைவிட நன்றாக இருந்தது. நான் கெடுத்ததுகூட அவள் வேலையாகிவிட்டது.

9

ஏழாவது பகுதியில் காலியாக விட்டு, எட்டு வரைக்கும் எழுதி மைத்துனனிடம் கொடுத்தேன். உதடு அசைய அசையப் படித்தான். ஒண்ணுக்கு விஷயத்தில் சிரித்தான்.

"நான் சொன்னது எங்க மாமா?"

"உங்க அக்கா வேண்டாம்னா."

"நடந்தது எனக்கா, அக்காவுக்கா?" பக்கங்களை அடுக்கித் தந்தான். "எழுதுங்க. என்ன நடந்துச்சுன்னு குட்டை வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது. பட்டுன்னு போயிட்டான்னு சொல்லி வெச்சிருக்காங்க. நான் போய்ச் சொல்லணும்னு நினைக்கிறேன். வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துடறேன்."

மனைவி அறையிலிருந்து வந்தாள். "அவங்க உன்னைச் சும்மா விடுவாங்களாடா?"

"விட வேண்டாம்கா."

அவள் என்னைப் பார்த்தாள். "எழுதுங்க. நல்லாத்தான் எழுதுவீங்க. நான் படிக்க மாட்டேன்."

(நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அவள்தான். அடுப்பருகே நின்றபடி, ஒரு கையில் கரண்டியோடு. அவள் படிக்காத ஒரு பக்கமும் இதுவரை வெளியே போனதில்லை.)

எழுதிவிட்டேன். மூன்று பக்கம். இதுவரை எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்திருக்கிறது. அவளிடம் காட்ட வேண்டும் போலிருக்கிறது, காட்ட முடியாது. அந்தக் காலி அடைப்புக்குறிக்குள் அதை வைத்துவிட்டால் கதை முழுமையாகிவிடும் என்று எனக்குத் தெரியும். வைக்கவில்லை.

ஏனென்றால் இதைப் படிக்கிற நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆறடிக்கு மேல் வளர்ந்த, குட்டை என்று கூப்பிடப்பட்ட ஒருவனின் தங்கையாக, அப்பாவாக, மனைவியாக நீங்கள் இருக்கலாம். அப்படியானால் இதை ஒரு கதையில், முன்பின் தெரியாத ஒருவனின் நல்ல வாக்கியங்களில் நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் இங்கேதான் இருப்பான். கதவைத் திறப்பது நானாக இருந்தால், என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். நேராக உள்ளே போங்கள்.