பால் வேனுக்குப் பிறந்த கலப்புக் கன்று

1

கண்ணையனின் இடுப்பு வலியிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. அரியலூர்ப் பக்கத்து மண்பாதைகளில் பால் வேன் ஓட்டியவன். [முதலில் 'கிழக்கு வெளுத்திருந்தது' என்று தொடங்கினேன். இடுப்பு வலிக்கிறவன் கிழக்கையா பார்ப்பான்? அடித்துவிட்டேன்.]

எண்பத்து மூன்று, கோடை. ஊர் ஊராகச் சுற்றி டவுனுக்குப் போவதற்குள் கேனில் பால் திரிந்துவிட்டது, இரண்டு தரம். இன்னொரு தரம் திரிந்தால் வேனை நிறுத்திவிடுவோம் என்றது பால் சங்கம். நின்றால் கண்ணையன் பழையபடி சுண்ணாம்புக்கல் உடைக்கப் போக வேண்டும், அந்த இடுப்போடு.

2

வழியை மாற்றலாம் என்றதும் ஊருக்கொரு வழி வந்தது. ஒவ்வொருவனும் தன் ஊரைக் கடைசியில் வைத்திருந்தான், நிதானமாகக் கறக்கலாமே. சங்கத்தில் பால் சோதிக்கும் சிந்தாமணி எல்லா வழியிலும் சாயங்காலம் வெறும் கேனோடு ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். சீக்கிரம் வந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டாள்.

"நல்ல மாட்டுக்கு ஜெர்சி ஊசி போட்டுக் கன்னு எடுக்குறோம்லண்ணே. இந்த ரெண்டு வழிக்கும் ஒரு கன்னு எடுப்போம்."

ஒன்றின் முன்பாதி, மற்றதன் பின்பாதி. கன்று பிறந்தது. (இங்கே கணக்கை விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

3

கன்றுக்கு ஒரு கோளாறு. ஓடைக்கரை என்ற ஊர் இரண்டு பாதியிலும் இருந்தது. களத்துமேடு என்ற ஊர் எதிலும் இல்லை. யாரும் கவனிக்கவில்லை. வேன் இரண்டாம் தரம் வந்து நின்றபோது ஓடைக்கரையில் பால் ஊற்றும் ஆண்டவர் என்பவர் பல் துலக்கிக்கொண்டே, கறந்ததை அப்போதே ஊற்றியாயிற்று, இன்னும் வேண்டுமானால் மாட்டை நீயே கேட்டுப் பார் என்றார்.

களத்துமேட்டில் செங்கமலம் பால் குடத்தோடு வெயில் ஏறும்வரை நின்றாள். பால் திரிந்தது. மறுநாள் ஓடைக்கரைக்கே நடந்து வந்து வேனை மறித்தாள்.

"ஒரே ஊருக்கு ரெண்டு தடவ போறியே, பொண்ணு கிண்ணு பாத்துருக்கியா?"

"வழி அப்புடிப் பொறந்துடுச்சு, தங்கச்சி."

"பொறந்ததத் திருத்து. எம் பாலுக்கு யாரு பதில்?"

சிந்தாமணி இரண்டாவது ஓடைக்கரையை அடித்து, அந்த இடத்தில் களத்துமேட்டைச் செருகினாள். பிறகு பிறந்த கன்றுகளுக்கெல்லாம் அதே வைத்தியம். கன்றுக்குக் கன்று எடுத்து, கடைசியில் வெயில் ஏறுமுன் வேன் டவுன் சேர்ந்தது. கண்ணையன் கேனில் விரலை விட்டு நக்கிப் பார்த்தான். தித்தித்தது. இடுப்பு வலித்ததா என்று

4

இந்தக் கதையையும் அப்படித்தான் செய்தேன். ஒரு வரைவின் தலை, இன்னொன்றின் வால். ஒட்டிப் பார்த்தால் இடுப்பு இரண்டு தரம் வலிக்கிறது, செங்கமலத்தைக் காணோம். ஒரு வலியைப் பாதியில் வெட்டிவிட்டு அவளைச் செருகினேன்.

முடிவுதான் ஒட்டவில்லை. அளக்காத பாலுக்குப் பொறுப்பில்லை என்று சங்கம் கைவிரித்ததாக எழுதலாம். கண்ணையன் தன் மாட்டுப் பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தான் என்றும் எழுதலாம், அவனுக்கு மாடு கிடையாது. உங்களுக்குத் தோன்றியதைச் செருகிக்கொள்ளுங்கள். எதைச் செருகினாலும், களத்துமேட்டுச் செங்கமலத்துக்கு ஒரு குடம் பால் பாக்கி.