மூடி திறந்த வறுவல்

டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த தூளைக் கரண்டியால் சுரண்டிப் போட்டு, அவள் அந்தக் கடைசிக் காபியைக் குடித்தாள். கணவர் தம் கையால் வறுத்ததில் இனி ஒரு சிட்டிகைகூட மிச்சமில்லை. சாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கடைத்தூளைக் கலக்கிக் கொடுத்துவிட்டு, இதைத் துணி அலமாரிக்குள் ஒளித்துவைத்துக் கஞ்சப்பிசினாரி மாதிரி குடித்துவந்தாள். இன்று அதுவும் தீர்ந்தது.

"அவர் வறுத்த மாதிரியே எனக்கு வறுக்கணும் தம்பி" என்று அவள் போனில் சொன்னதும், ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற கொழுந்தன் கருவிப்பையோடு வந்துவிட்டான்.

"அண்ணன் என்ன அளந்து பார்த்தா வறுத்தாரு அண்ணி? மூக்குதான் அவருக்கு மீட்டர். அதையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டாரு." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதி வழியிலேயே வேறொன்றாக மாறியதால், திரும்பிக்கொண்டு பச்சைக் காபிக் கொட்டையை எடுத்துவைத்தாள்.

வறுக்கும் எந்திரமும் கணவர் கட்டியதுதான். அடுப்பின்மேல் மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரம், உள்ளே கிளறுகிற தகடு, அதைச் சுற்ற ஒரு பழைய கார் வைப்பர் மோட்டார். கொழுந்தன் பாத்திரத்தின் பக்கவாட்டில் துளை போட்டு, குச்சி போன்ற சென்சாரைச் செருகினான். பாத்திரத்துக்குள் ஏறுகிற சூடு அவள் போனில் ஒரு கோடாக ஏறியது.

முதல் வறுவலில் கோடு அழகாக உச்சிக்குப் போனது. கொட்டையோ புல் வாசனையோடு வெளுத்துக் கிடந்தது.

"முனை பாத்திரத்துல முட்டிக்கிட்டு நின்னிருக்கு. பாத்திரத்தோட காய்ச்சலைப் பார்த்துட்டு கொட்டைக்குக் காய்ச்சல்னு சொல்லியிருக்கு" என்று கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டு, முனையைக் கொட்டைக்குள் முங்கி நிற்கும்படி தள்ளிவைத்தான்.

இரண்டாவது வறுவல் கச்சிதமாக வந்தது. மறுநாள் காபி போட்டுக் கொடுத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்தான்.

"அண்ணனையே தூக்கிச் சாப்பிட்டுட்டோம்ல?"

"நல்லாத்தான் இருக்கு. யாரோ வீட்டுக்கு விருந்துக்குப் போன மாதிரி இருக்கு."

அவனுக்குப் புரிந்தது. அண்ணன் காபியில் ஒரு ரொட்டி வாசனை இருக்கும். 'பேக்கரி எப்போ திறக்கறீங்க?' என்று அவனே எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறான். அந்த வாசனை இதில் இல்லை. தீயைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். கோடு செங்குத்தாக ஏறியது, சாய்ந்து ஏறியது. ரொட்டி மட்டும் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் போன் பேச வாசலுக்குப் போயிருந்தபோது கொட்டை வெடிக்க ஆரம்பித்தது. தகரக் கூரையில் முதல் தூறல் விழுகிற மாதிரி சின்னச் சின்னச் சத்தம். அவள் தன்னையறியாமல் மூடியைத் திறந்து காது கொடுத்தாள். புகை முகத்தில் அடித்தது. நகரவில்லை.

"ஐயோ அண்ணி, மூடுங்க! சூடு விழுது பாருங்க!" என்று ஓடிவந்தான் கொழுந்தன். போனில், ஏறிக்கொண்டிருந்த கோடு குழி விழுந்து கிடந்தது. "போச்சு. இந்தத் தடவை குப்பைதான்."

குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் அதையே அரைத்துக் காபி போட்டாள். முதல் வாய் விழுங்கியதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அவனும் குடித்துப் பார்த்தான். ரொட்டி வாசனை.

"அப்போ இந்தக் குழிதான்" என்றான் மெதுவாக. "வெடிக்கும்போது அண்ணன் மூடியைத் திறப்பாரா? எதுக்கு?"

"என்னைக் கூப்பிட. 'பேச ஆரம்பிச்சிடுச்சு, சீக்கிரம் வந்து கேளு'ம்பாரு. ஒவ்வொரு தடவையும் புதுசா கேக்கற மாதிரி."

"எவ்வளவு நேரம் திறந்து வெச்சிருப்பாரு? சொன்னீங்கன்னா அலாரம் வெச்சுத் தரேன்."

அவள் அடுத்த அறையிலிருந்த தையல் மெஷினைப் பார்த்தாள். கூப்பிட்டவுடன் அவள் போனதே கிடையாது. 'இதோ வந்துட்டேன்' என்பாள். கையிலிருக்கிற தையலை முடித்து, நூலை அறுத்து, துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுவாள். அவர் மூடியைப் பிடித்தபடியே நின்றிருப்பார். கொட்டை ஆறிக்கொண்டிருந்திருக்கிறது. அது தெரியாத ஆளா அவர்?

"நான் வர்ற வரைக்கும்" என்றாள்.

கொழுந்தன் அலாரம் வைக்கவில்லை. பையை மூடிக்கொண்டு, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிப்போனான்.

வாரக் கடைசியில் அவள் தனியாக வறுத்தாள். முதல் வெடி கேட்டதும் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, தையல் மெஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். பாதியில் நின்ற தலையணை உறை இருந்தது. மிதித்தாள். சமையலறையில் தூறல் வலுத்தது, பிறகு தணிந்தது. தையல் முடிந்தது. நூலை அறுத்தாள். துணியை மடித்தாள்.

"இதோ வந்துட்டேன்" என்றாள்.

அடுப்பருகே போனில் கோடு இறங்கிக்கொண்டே இருந்தது.