தெரிந்தா, தெரியாமலா

ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய நோன்பின் முதல் திங்கட்கிழமை விடிந்ததுமே சோசாம்மாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஏற்றிவிட்டவள் மகள் லிஜி. பாலில்லாத காப்பியை ஆற்றிக்கொண்டே, போன வருஷத்திலிருந்து தான் றாகேல் சித்தி வீட்டுக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

"எதுக்குப் போற? இன்னும் யார்கிட்டயாவது சொல்லணுமாமா உன் வியாதிய?"

"நான் அவங்கள மன்னிச்சாச்சு, அம்மச்சி. போன நோன்புக்கே."

"யாரைக் கேட்டு மன்னிச்ச?"

லிஜி சிரித்துவிட்டாள். "எனக்குச் செஞ்சத நான் மன்னிக்கிறதுக்கு உங்ககிட்ட ஒப்புதல் வாங்கணுமா?"

"உனக்குச் செஞ்சத நீ மன்னிச்சிட்ட. எனக்குச் செஞ்சது எங்கடி போச்சு?"

நான்கு வருஷத்துக்கு முன் ரான்னியில் லிஜிக்கு ஒரு நல்ல இடம் அமைந்து நிச்சயமும் முடிந்திருந்தது. பதினாறு வயதில் அவளுக்கு வலிப்பு வந்ததும், மாத்திரையில் அது அடங்கிப் பத்து வருஷம் ஆனதும் வெளியில் ஒருத்திக்குத்தான் தெரியும். சோசாம்மாவின் கூடப்பிறந்த தங்கை றாகேல், ஞானஸ்நானத்தில் லிஜியைக் கையில் ஏந்தி நின்றவள். டாக்டர் எழுதிய தாளோடு தானே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட நினைத்த சோசாம்மா, எப்படிச் சொல்லலாம் என்று யோசனை கேட்கப் போனதும் அந்தத் தங்கையிடம்தான். றாகேல் முந்திக்கொண்டாள். உள்ளதைச் சொல்லியிருந்தால்கூடப் போகட்டும். பெண் மாதம் இரண்டு தடவை வாயில் நுரை தள்ளி விழுகிறாள் என்று சொல்லிவிட்டு வந்தாள். பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்த சோசாம்மாவுக்குப் போன் வந்தது. "இந்தச் சம்பந்தம் வேண்டாம். உங்க தங்கச்சியே சொன்னாளே" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

அதற்கடுத்த நோன்புத் திங்களில்தான் கோபம் முற்றியது. வருஷா வருஷம் அந்தத் திங்களின் மத்தியான ஜெபத்தில் நாற்பது தடவை தரையில் விழுந்து கும்பிட்டபின், பாதிரியாரான அச்சன் முதலில் சபையின் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பார். பிறகு வரிசை தொடங்கும். முதல் ஆள் அச்சனிடம் கை கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்க, அடுத்த ஆள் அச்சனுக்கும் முதல் ஆளுக்கும் கை கொடுத்து மூன்றாவதாக நிற்பாள். இப்படியே நீளும். பெண்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் எந்தப் பெண்ணையும் தாண்டிப் போக முடியாது. அந்த வருஷ வரிசையில் றாகேல் வந்தாள். "தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்ச தப்பை மன்னிக்கணும்" என்று எல்லாரிடமும் சொன்ன அதே குரலில் அக்காளிடமும் சொல்லிவிட்டு, பேருந்துச் சீட்டு வாங்குகிறவள் போல அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டாள். அவ்வளவுதான், கணக்குத் தீர்ந்தது.

அதன்பின் இரண்டு வருஷம் சோசாம்மா, இரத்தக் கொதிப்பைச் சாக்குச் சொல்லி மணிக்கூண்டு நிழலில் உட்கார்ந்துவிட்டாள். இந்த வருஷம் அச்சன் ஞாயிற்றுக்கிழமையே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார், வரிசையில் நிற்காதவர்கள் ஈஸ்டருக்கு நற்கருணை வாங்க வரவேண்டாமென்று. நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் ஒரு ஈஸ்டரைத் தவறவிட்டதில்லை.

"நிக்கிறேன். ஆனா அவளுக்குக் கை கொடுக்க மாட்டேன். எல்லார் முன்னாடியும் மாட்டேன்னு சொல்லுவேன்" என்றாள் லிஜியிடம்.

"சொல்லுங்க. ஈஸ்டருக்கு நான் நற்கருணை வாங்க முன்னால போறப்போ நீங்க பின்னால உக்காந்து பாருங்க" என்றாள் லிஜி.

நாற்பது தடவை விழுந்தெழுந்ததில் சோசாம்மாவின் முழங்கால் கழன்றுவிட்டது. கோயிலுக்குப் பின்னால் கஞ்சியும் பயறும் வேகிற வாசனை வந்தது. சிலுவையில் தொங்கியவர் மன்னித்ததைப் பற்றி அச்சன் பேசினார். அவர் மன்னித்தது தெரியாமல் செய்தவர்களை, இவள் தெரிந்தே செய்தவள் என்று சோசாம்மா முந்தானைக்குள் முணுமுணுத்தாள்.

அவள் வரிசையில் நின்றாயிற்று. அடுத்து லிஜி, அவளுக்கு அப்புறம் ஏழெட்டுப் பேர். பிறகு அச்சன் நின்ற கோடியிலிருந்து றாகேல் வந்தாள். கணவன் குருவிளா இறந்தபின் உடுத்திய வெள்ளைச் சேலை, குழிவிழுந்த கன்னம். ஆறு பேருக்கு அப்பால், மூன்று பேருக்கு அப்பால், இதோ எதிரில். கை நீட்டினாள்.

"தெரிஞ்சோ தெரியாமலோ..."

மாட்டேன் என்று சொல்லத்தான் சோசாம்மா வாயைத் திறந்தாள். ஆனால் கை தானாகப் போய்த் தங்கையின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"தெரிஞ்சா, தெரியாமலா?"

"என்ன சேச்சி?"

"ஒண்ணு சொல்லு. தெரிஞ்சா, தெரியாமலா?"

றாகேல் கையை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. பின்னால் வரிசை நின்றுவிட்டது. "எடி பொண்ணுகளே, கஞ்சி ஆறுது, எனக்கு முட்டி போச்சு" என்றாள் பின்னால் நின்ற கிழவி ஏலி. அச்சன் எட்டிப் பார்த்தார்.

"தெரிஞ்சுதான்" என்றாள் றாகேல்.

"எதுக்கு?"

"என் மக வீட்ல உக்காந்திருக்கா, உன் மகளுக்கு ரான்னி மாப்பிள்ளையான்னு வயிறு எரிஞ்சுது. நுரை தள்ளுறான்னு நானாச் சேத்துச் சொன்னேன்."

இதைக் கேட்டால் மனசு ஆறும் என்றுதான் சோசாம்மா நான்கு வருஷமாக நினைத்திருந்தாள். ஆறவில்லை, இன்னும் கொதித்தது. ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. ஆனால் கேட்டது கிடைத்துவிட்டது. இனி பிடித்துவைத்துக்கொள்ள அவள் கையில் வேறெதுவும் இல்லை.

"மன்னிச்சேன்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "கோவம் போகல. அது போறப்போ போகட்டும். நான் மன்னிச்சேன்."

கையை விட்டாள். றாகேல் நகரவில்லை. வரிசை முறைப்படி இப்போது சோசாம்மாவும் மன்னிப்புக் கேட்க வேண்டும். 'தெரிஞ்சோ' என்று தொடங்கியவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். சற்றுமுன் இவள்தானே அந்த வார்த்தையைப் பிடித்துக் கோயிலையே நிறுத்தியவள்.

"குருவிளாவ அடக்கம் பண்ணின அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்னு சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்ல. வீட்ல உக்காந்து மீன்கறி வெச்சு ரெண்டாந்தரம் சோறு போட்டுத் தின்னேன். உனக்கு வேணும்னு நினைச்சுத் தின்னேன். தெரிஞ்சேதான்."

"பெட்டிய மூட விடல நான்" என்றாள் றாகேல். "சேச்சி வந்துரும், வந்துரும்னு அச்சனையே ஒரு மணி நேரம் நிக்க வெச்சேன்."

சோசாம்மா கையை நீட்டினாள். றாகேல் அதைத் தொடவில்லை. இப்போது அவள் முகத்தில் ஏறியிருந்த கோபம் சோசாம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த கோபம்.

"மன்னிக்கணும் றாகேலே" என்றாள் சோசாம்மா.

கடைசியில் றாகேலின் இரண்டு கைகளும் வந்து அவள் கைமேல் மூடின. எலும்பு நோகும்படி இறுக்கின.

"மன்னிச்சேன்" என்றாள் றாகேல், அதே போலப் பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு லிஜியின் பக்கம் நகர்ந்தாள்.