நிலா எந்தப் பக்கம்?

பரசுராமன் சிலோன் போகிறார் என்ற சேதி விடிகாலையில் அடி அண்ணாமலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் கிரிவலப் பாதை முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. பரப்பியது வேறு யார், அவரேதான். ஆற்றிக் கொடுத்த ஒவ்வொரு டீக்கும் ஒரு தடவை சொன்னார். மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற மகள் அன்புச்செல்வி, "நீங்களும் அம்மாவும் ஒரு தடவையாவது ஊர் சுத்திப் பாருங்கப்பா" என்று செலவை ஏற்றுக்கொண்டிருந்தாள். 2003-ஆம் வருஷம். அங்கே சண்டை ஓய்ந்து, வழி திறந்திருந்த சமயம். பாஸ்போர்ட்டும் வந்தாச்சு. போட்டோவில் மூஞ்சி திருடன் மாதிரி இருக்கிறது என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸ் வைத்திருந்த ராமதாஸ் திட்டம் போட்டுக் கொடுத்தான். முதலில் ராஜாக்கள் ஆண்ட கண்டி. அப்புறம் நுவரெலியா, பார்த்த இடமெல்லாம் தேயிலை மலை. கடைசியாகத் திருகோணமலையில் கடற்கரை. பரசுராமனுக்கு நுவரெலியா மேல்தான் கண். இருபத்தஞ்சு வருஷமாக டீத்தூளைக் கொதிக்க வைக்கிற மனுஷன், அது செடியில் இருக்கும்போது ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்க வேண்டாமா?

தேதியை மட்டும் அவரே குறித்தார். "ஆவணிப் பௌர்ணமி முடிஞ்ச மறுநாள் கிளம்புறோம். அடுத்த பௌர்ணமிக்கு ரொம்ப முன்னாடியே வந்துடுறோம். வியாபாரம் ஒரு துளி கெடாது. எப்பிடி?"

"உங்க மூளை யாருக்கு வரும்" என்று மனைவி தனம் சொல்வாள் என்று பார்த்தார். அவளோ அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றாள்.

இது என்னடா வம்பு! பிளேனுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து, "பஸ்ஸு மாதிரிதான், குலுக்கல்கூடக் கம்மி" என்று தைரியம் சொன்னார். பிளேனில் ஏறியவர் மாதிரிதான் பேச்சு. சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கிவந்தார். அவள் அதில் வெங்காயத்தைக் கொட்டி வைத்தாள். கேட்டால் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தாள். தனத்துக்குக் கோபம் வந்தால் கத்துவாள், அது அவருக்குப் பழக்கம். கத்தாமல் இருந்ததுதான் புதுசு.

இப்படியே ஆடிப் பௌர்ணமி வந்தது. மலையைச் சுற்றி நடக்கிற கூட்டம் இருட்டுவதற்குள் பாதையை அடைத்துக்கொண்டது. மாசத்தில் மற்ற நாளெல்லாம் கடை ஓடும், பௌர்ணமிதான் சோறு போடும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று பரசுராமன் டீ ஆற்ற, தனம் இட்லித் தட்டை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் ஒருவரின் பொடிசு, "நிலா, நிலா" என்று கையைத் தட்டியது.

தனம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நிலா எந்தப் பக்கம் இருக்கு சொல்லுங்க?"

"இன்னா கேள்வி இது? வானத்துலதான் இருக்கும். சட்னி கொண்டா."

"எந்தப் பக்கம்?"

அவருக்குத் தெரியவில்லை. மேலே ஆஸ்பெஸ்டாஸ், முன்னாலே ஆவி, சுற்றிலும் ஜனம். வடிகட்டியும் கையுமாக ரோட்டுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். மலையின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது, தாம்பாளம் மாதிரி. 'அடேங்கப்பா' என்று வாய்விட்டே சொன்னார். "மாஸ்டர், டீ இன்னாச்சு?" என்று நாலு பேர் கத்தினார்கள்.

திரும்பி வந்தபோது தனத்தின் கண் கலங்கியிருந்தது. அது இட்லி ஆவியால் இல்லை.

"எங்கெங்கியோ இருந்து லட்சம் பேரு வந்து பார்த்துட்டுப் போறான். கல்யாணம் ஆன நாளா ஒரு பௌர்ணமிக்கு நான் தலையைத் தூக்கியிருக்கேனா? உங்க கண்டியும் வேணாம், தேயிலையும் வேணாம். கையில வேலை இல்லாம ஒரே ஒரு முழு நிலா, கடலாண்ட. அதுக்குத்தான் ஆசைப்பட்டேன். நீங்க அதை மட்டும் பார்த்துப் பார்த்துத் தள்ளி வெச்சீங்க."

"கடையை மூடிட்டு எப்பிடிடீ..."

"அதான். அலை எப்ப ஓயறது, தலை எப்ப முழுகறது?" என்று கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பரசுராமன் மூன்று பேருக்குச் சர்க்கரை போடாமலே டீ கொடுத்தார். ஒரு பௌர்ணமி மூடினால் எதிர்க்கடைக்காரன் வாடிக்கையை அள்ளிக்கொண்டு போவான். அது நிஜம். அவள் தலையைத் தூக்கவே இல்லை என்பதும் நிஜம். இத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்றும் இதைப் பார்க்காத கண் என்ன கண் என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

மறுநாளே ராமதாஸ் முன்னால் போய் நின்றார். "திருகோணமலை பௌர்ணமியன்னிக்கு வர்ற மாதிரி மாத்துப்பா."

"வேணாம் அண்ணே. அங்க பௌர்ணமின்னா அரசாங்க லீவு. பாதிக் கடை மூடியிருக்கும். நீங்க தண்டமா கடலைப் பார்த்துட்டு உக்காந்திருக்கணும்."

"பௌர்ணமிக்கு லீவா?" பரசுராமனுக்கு நம்பவே முடியவில்லை. "அப்படியும் ஒரு ஊரு இருக்கா? போடுப்பா, அன்னிக்கே போடு!"

வீட்டுக்கு வந்து, பெட்டியிலிருந்த வெங்காயத்தை முறத்தில் கொட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னார். தனம் உடனே நம்பவில்லை.

"கடை?"

"கடைக்கும் லீவு. அந்தக் கடல் கிழக்குப் பக்கமாம். நிலா தண்ணியிலேர்ந்தே ஏறி வருமாம்."

அவள் முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "அந்த ஊர் டீக்கடைக்காரியும் அன்னிக்கு நிலா பார்த்துட்டு இருப்பா. அவளைப் போய்த் தொந்தரவு பண்ணாதீங்க" என்றாள்.

"சரி, நானே டீ போட்டு பிளாஸ்க்குல கொண்டாறேன். நீ நிலாவைப் பாரு."

தனம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

"டீயே வேணாங்க. என் பக்கத்துல சும்மா உக்காருங்க, போதும்."